ஆணுக்கு ஏது மார்பகம்?

போன சித்திரையில் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து. சாப்பாடு முடிந்து கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் சாய்ந்திருந்தோம். மின்விசிறி சுற்றியும் வேர்வை அடங்காத புதுச்சேரி வெயில். என் தங்கையின் பேரன், 14 வயசுப் பையன், பனியன் மேல் பனியன் போட்டு அதன் மேல் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றிவிட்டுக் காற்றாட உட்காரடா என்று யாரோ சொன்னார்கள். அவன் மாட்டேன் என்றான். உடனே என் மச்சான், அதாவது அவனுடைய சொந்தத் தாத்தா, சபை நடுவில் கேட்டார்: "என்னடா, வயசுக்கு வந்துட்டியா?"

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். பையன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள், எல்லார் வீட்டிலும் ஒரு பேரன் இருக்கிறான். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முழுக்கப் படியுங்கள்.

அரைமணி நேரம் கழித்து மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்தான். சும்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனாகக் கேட்டான். "தாத்தா, ஆம்பளைங்களுக்கும் மார்ல கேன்சர் வருமா?" இடது மார்க்காம்புக்கு அடியில் ஒரு கட்டி. ஐந்து மாதமாக இருக்கிறதாம். தொட்டால் வலிக்கிறதாம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்திருக்கிறான், வளர்ந்துவிட்டதா என்று. ராத்திரி போர்வைக்குள் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்து, தான் செத்துப் போய்விடுவோம் என்று முடிவே செய்துவிட்டான். ஐந்து மாதம்! வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா என்று நாலு பெரியவர்கள். ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கான பதிலைத்தான் கீழே கூடத்தில் எல்லாருமாகச் சேர்ந்து சிரித்துக் காட்டினோமே.

இப்போது என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1980-களின் கடைசி. நான் அப்போது யூ.டி.சி. மருத்துவச் செலவு பில்கள் என் மேசைக்கு வரும். எசன்ஷியாலிட்டி சர்ட்டிபிகேட் ஏ-யா பி-யா, மருந்துக்கடை ரசீதில் டாக்டர் கையெழுத்து இருக்கிறதா, முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, ஏதாவது குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதில் எனக்கு அந்தக் காலத்தில் ஒரு பெருமை. இன்னொரு இலாகாவின் டிரைவர் ஒருவருடைய பில் வந்தது. உள்நோயாளி, அறுவை சிகிச்சை, நோயின் பெயர் மார்பகப் புற்றுநோய். நான் நோட் ஷீட்டில் எழுதினேன்: "கோரிக்கையாளர் ஆண். சிகிச்சை அவருடைய மனைவிக்கா என்பதைத் தெளிவுபடுத்துமாறு கோரலாம்." சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேசைக்காரர் படித்துவிட்டு, "ஆணுக்கு ஏதுய்யா மார்பகம்?" என்றார். செக்‌ஷனே சிரித்தது. கோப்பு அந்த இலாகாவுக்குத் திரும்பிப் போனது, அங்கேயும் ஒவ்வொரு மேசையாக இறங்கியது.

பத்து நாள் கழித்து அந்த மனிதர் நேரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். டிஸ்சார்ஜ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். என் மேசை அருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஐயா, இதக் கோப்புல சேக்காம நீங்க மட்டும் பாத்துட்டுப் பாஸ் பண்ண முடியுங்களா?" முடியாது என்றேன். விதி அப்படி. கட்டியைப் பார்த்தது எப்போது என்று, அதிகப்பிரசங்கித்தனமாக, கேட்டேன். ஒன்றரை வருஷம் முன்னாலேயே தெரியுமாம். யாரிடம் காட்டுவது, காட்டினால் சிரிப்பார்களே என்று இருந்துவிட்டாராம். பில் பாஸ் ஆனது. இரண்டாவது வருஷம் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவர் மனைவி பெயரில் விண்ணப்பம் பக்கத்து மேசைக்கு வந்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். பத்து வயதில் "லோம் எ தன் மமிஃபேர்" என்று கத்திக் கத்தி மனப்பாடம் செய்தவன். மனிதன் ஒரு பாலூட்டி என்று அர்த்தம். பிரெஞ்சில் ஓம் என்றால் மனிதன், ஆண் இரண்டும்தான். ஆணுக்கும் மார்க்காம்பு இருக்கிறது, அதன் அடியில் பால்நாளங்களின் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, எங்கே திசு இருக்கிறதோ அங்கே நோயும் வரலாம். இதை யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அப்படியும் அந்த நோட்டை எழுதியது என் கைதான். அதனால் மச்சானை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

நம் பாஷையும் இதற்கு உடந்தை. ஆணுக்கு மார்பு, பெண்ணுக்கு மார்பகம் என்று பிரித்து வைத்துவிட்டோம். ஆணின் மார்பு தட்டிக்கொள்வதற்கும் வேல் வாங்குவதற்கும். அதில் கட்டி வரும் என்று எந்தப் புலவர் பாடினார்? அக்டோபர் வந்தால் இளஞ்சிவப்பு ரிப்பன், ஊர்வலம், பலூன் எல்லாம் நடக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சுவரொட்டி எதிலாவது ஓர் ஆணின் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு வந்தது புற்றுநோய் இல்லை. அந்த வயதில் ஆண்பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். வருவது கைனகோமாஸ்டியா. பெயர் கிரேக்கம். பெண், மார்பு என்ற இரண்டு சொல்லை ஒட்டிய பெயர், பெயரிலேயே கேலி இருக்கிறது பாருங்கள். பருவ வயதில் ஆண் ஹார்மோனும் பெண் ஹார்மோனும் உடம்பில் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் காலத்தில், காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை மாதிரி ஒரு கட்டி. ஒரு பக்கமும் வரும், இரண்டு பக்கமும் வரும். தொட்டால் வலிக்கும். வளரும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொஞ்சமாவது இது வந்து போகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தானே அமுங்கிவிடும். அமுக்கிக்கொண்டே இருந்தால் வலிதான் கூடும். பாதிப் பையன்களுக்கு வரும் ஒன்றை ஒரு பையனுக்கும் நாம் முன்கூட்டிச் சொல்லிவைப்பதில்லை. மீசை முளைக்கும் என்று சொல்கிறோம், குரல் உடையும் என்று சொல்கிறோம். இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆண்களின் வாழ்வில் இது மூன்று முறை வரக்கூடியது. பிறந்தவுடன் தாயின் ஹார்மோனால் குழந்தையின் மார்பு வீங்கும், ஒரு சொட்டுப் பால் கூடக் கசியும். நம் பாட்டிமார் அதைப் பிதுக்குவார்கள். பிதுக்கக் கூடாது, சீழ் பிடித்துவிடும். அப்புறம் பருவத்தில். மூன்றாவது, நம் வயதில். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் பட்டினி கிடந்த கைதிகள் விடுதலையாகி வயிறாரச் சாப்பிட ஆரம்பித்ததும் பலருக்கு மார்பு வீங்கியதாம். அடங்கிக் கிடந்த உடம்பு இன்னொரு முறை வயசுக்கு வந்தது போல. மச்சானுடைய கேள்விக்கு இது ஒரு பதில்.

என்னோடு படித்தவன் ஒருவன், அவன் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டது, சொல்தாவாகப் போனான். பள்ளியில் அவனைப் படாதபாடு படுத்தினோம். பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். பட்டாளத்து மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றச் சொன்னபோது கால் நடுங்கியதாம். டாக்டர் ஒரு நிமிஷம் தொட்டுப் பார்த்துவிட்டு "சே நொர்மால்" என்று சொல்லி அடுத்தவனைக் கூப்பிட்டாராம். ஏழு வருஷம் எவனும் சொல்லாத இரண்டு வார்த்தை என்று பின்னாளில் லீவில் வந்தபோது என்னிடம் சொன்னான்.

சிரிக்கிறவர்கள் ஒரு பக்கம். அந்தச் சிரிப்பை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரே நாளில் அறுவை சிகிச்சை, தழும்பு தெரியாது, மாதத் தவணை உண்டு என்று பையன்களின் கைப்பேசிக்கு விளம்பரம் வந்து விழுகிறது. தானே போகக்கூடிய ஒன்றுக்கு 15 வயதில் எதற்குக் கத்தி? வளர்ச்சி நின்ற பிறகும் போகாமல், மனசை அரித்துக்கொண்டிருந்தால், நல்ல மருத்துவர் பார்த்துச் சொன்னால், அப்போது செய்துகொள்ளலாம். அதில் தவறில்லை. அதே மாதிரி ஜிம்மில் உடம்பு ஏற்றுகிறேன் என்று எவனோ கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசி. ஆண்மைக்கென்று போட்டுக்கொள்ளும் அந்த மருந்தில் ஒரு பகுதி உடம்புக்குள் பெண் ஹார்மோனாக மாறி மார்பை வளர்த்துவிடும். குடியும் அப்படித்தான், கல்லீரல் கெட்டால் மார்பு வீங்கும். நம்மூரில் கல்லீரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பையனை அவன் அம்மாவுக்குத் தெரிவித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஓ.பி. சீட்டு, வரிசை, ஒன்றரை மணி நேரம். இளம் டாக்டர். மார்பைப் பார்த்தார், விதைப்பையையும் தொட்டுப் பார்த்தார். மிக அரிதாக அங்கே உள்ள கட்டியால் மார்பு வீங்குவது உண்டாம், அதற்காக. இதைப் பையனிடம் முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள், நான் சொல்லாமல் போய் அவன் மிரண்டுவிட்டான். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை. "சரியாயிடும் தம்பி, நிறைய பேருக்கு வரும், ஆறு மாசம் கழிச்சு வா" என்றார். வெளியே வந்ததும் பையன் சர்பத் கேட்டான். இரண்டு குடித்தான்.

இனி நமக்கு. ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று அளவுதான். ஆனால் அந்த ஒன்று பெரும்பாலும் அறுபது எழுபது வயதுக்காரர்களுக்கு வருகிறது. பையன் பயந்து சாகிறான், பயப்பட வேண்டிய நாம் பார்ப்பதே இல்லை. கட்டி கல் போல இருந்தால், வலியே இல்லாமல் இருந்தால், காம்பிலிருந்து விலகி ஓரமாக இருந்தால், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டால், அதில் ரத்தம் கசிந்தால், அக்குளில் நெறி கட்டினால், இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த நாள் காலையில் மருத்துவரிடம் நில்லுங்கள். தாய்க்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் வந்த குடும்பம் என்றால் இன்னும் கவனம், பரம்பரைக் கூறு ஆணுக்கும் வரும். அமெரிக்க செனட்டராக இருந்த எட்வர்ட் புரூக் 2002-இல், எண்பது வயதைத் தாண்டியபின், இந்த நோய் கண்டு அறுவை செய்துகொண்டார். அடுத்த வருஷம் அதை ஊரறியச் சொன்னார். 95 வயது வரை இருந்து 2015-இல் காலமானார். அவர் வெட்கப்படவில்லை.

மச்சான் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். மச்சான், பேரனிடம் நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று தங்கை சொன்னாள். அது உங்கள் பாடு. ஆனால் புராஸ்டேட்டுக்கு நீங்கள் சாப்பிடும் ஃபினாஸ்டிரைட், மார்பை வீங்கச் செய்யக்கூடிய மருந்துகளில் ஒன்று. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். நாளைக் காலை குளிப்பதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.