குடமும் மாம்பழமும் கணனியும்

பெண்களுக்கான பயிற்சி என்றவுடன் தையல், காளான் வளர்ப்பு, பழரசம் தயாரித்தல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சமூகப் பணியாளர் என்ற வகையில் அத்தகைய பயிற்சிகளை ஒழுங்கு செய்வதும் எனது கடமைகளுள் ஒன்றாகும். ஆனால் அவை எல்லாவற்றிற்கும் ஒரே நிபந்தனை உண்டு. கற்றது உடனடியாக வருமானம் தரவேண்டும். அறியும் ஆவலுக்காக மட்டும் ஒரு பெண் எதையாவது கற்கத் தொடங்கினால், "வேலையில்லாத வேலை" என்றே வீட்டாரும் அயலாரும் கூறுவர்.

கடந்த ஒரு வருடமாக நானும் அப்படியொரு வேலையில் ஈடுபட்டுள்ளேன். பொருட்களின் முப்பரிமாண வடிவங்களைச் சரியான அளவுகளுடன் கணனியில் வரையும் 'காட்' மென்பொருளைப் பழகி வருகிறேன். அதிலும் வளைந்த வடிவங்களை வரைவதில்தான் எனக்கு விருப்பம். நான் பாவிப்பது 'பிரீகாட்' என்னும் இலவச மென்பொருள். 2002 ஆம் ஆண்டில் தொடங்கிய இதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது. ஒருமுறை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால், பின்னர் இணைய இணைப்பு இல்லாமலேயே வேலை செய்யலாம். இரவுச் சமையல் முடிந்தபின் வாரத்தில் இரண்டு நாட்கள் இதற்கென ஒதுக்கியுள்ளேன்.

"இதைப் படித்து என்ன செய்யப் போகிறீர்?" என்று கேட்பவர்களிடம், "கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை வரையப் போகிறேன்" என்பேன். சிரிப்பார்கள். ஆனால் மாம்பழம் எவ்வளவு சிக்கலான வடிவம் என்பது வரையத் தொடங்கினால்தான் தெரியும்.

முதலில் இலகுவான வளைவுகளைப் பார்ப்போம். குடம் ஒன்றை வரைய வேண்டுமாயின், அதன் ஒரு பக்கத்து விளிம்பை மட்டும் கோடாக வரைந்தாற் போதும். அக்கோட்டை நடு அச்சைச் சுற்றி 360 பாகை சுழற்றுமாறு கணனிக்குக் கட்டளையிட்டால் முழுக்குடமும் உருவாகிவிடும். குயவரின் சக்கரம் செய்வதும் இதைத்தானே? சாய்ந்த நேர்கோடு ஒன்றைச் சுழற்றினால் நமது நீத்துப்பெட்டியின் கூம்பு வடிவம் கிடைக்கும்.

அடுத்தது வள்ளத்தின் வடிவம். இதற்கு அச்சு இல்லை. வள்ளத்தை இடைக்கிடை குறுக்காக வெட்டினால் தெரியும் வடிவங்களை முதலில் வரைய வேண்டும். பின்னர் குறுக்குச் சட்டங்களின் மீது பலகை பொருத்துவது போல, அவற்றின் மேல் ஒரு தோலைக் கணனி போர்த்திவிடுகிறது. ஆங்கிலத்தில் இதனை 'லொஃப்ட்' என்பர். கப்பல் கட்டுவோர் வளைவுகளை முழு அளவில் வரைந்த பெரிய மேல்மாடியிலிருந்து வந்த சொல் இது. அவர்கள் மெல்லிய மரச்சலாகையை வளைத்து, ஈயப் பாரங்களை வைத்து நிறுத்திக் கோடு வரைந்தனர். அச்சலாகையின் பெயரான 'ஸ்பிளைன்' என்பதையே இன்றைய மென்பொருளும் தன் வளைகோட்டுக்குச் சூட்டியுள்ளது.

மாம்பழமோ இந்த இரண்டிலும் அடங்காது. அதன் ஒரு பக்கம் பருத்திருக்கும், மறுபக்கம் உள்வாங்கி மூக்காக முடியும். எனவே அதனைச் சில துண்டு மேற்பரப்புகளாக வரைந்து இணைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் கட்டுப்படுத்துபவை சில புள்ளிகளே. வளைகோடு முதற் புள்ளியில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில் முடிகிறது. இடையிலுள்ள புள்ளிகளை அது தொடுவதில்லை. அவை அதனைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். புள்ளிகளைக் கூட்டினால் வடிவம் திருத்தமாகும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் புள்ளி கூடக்கூட மேற்பரப்பு மேடுபள்ளமாகவே மாறும். நான்கு புள்ளிகளைச் சரியான இடத்தில் வைப்பதுதான் கலை.

துண்டுகளை இணைப்பது இன்னும் கடினம். எமது நிலையத்தில் தையல் கற்பிக்கும் அக்கா ஒருவர் ஒருநாள் மாலை என் அருகே அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்பைச் சோதிப்பதற்காக மென்பொருள் மேற்பரப்பின் மீது வரிக்குதிரைக் கோடுகளைக் காட்டும். கோடுகள் முறியாமல் ஓடினால் இணைப்பு நன்று. ஓரிடத்தில் கோடு முறிந்திருந்தது. அக்கா அதனைச் சுட்டிக்காட்டி, "தங்கச்சி, இது சட்டைக்குக் கை வைக்கிற மாதிரியெல்லோ? விளிம்பு ரெண்டும் முட்டினாப் போதாது, ரெண்டும் ஒரே போக்கில வரவேணும். அதுக்குப் பிறகும் வளைவு ஒத்துப் போகாட்டி வெளிச்சத்தில பிசகு தெரியும்" என்றார்.

காட் பாடநூல்கள் பல பக்கங்களில் விளக்கும் மூன்று படிகளை அவர் ஒரே மூச்சில் கூறிவிட்டார். விளிம்புகள் தொடுவது முதற்படி, திசை ஒன்றாவது இரண்டாம் படி, வளைவின் அளவும் ஒன்றாவது மூன்றாம் படி. கையின் மேல்வளைவைக் கைக்குழியின் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டி, அந்த மேலதிகத்தைச் சுருக்குத் தெரியாமல் உள்ளடக்கித் தைத்தால்தான் தோள் உருண்டு வரும். தட்டையான துணி உருண்ட உடலில் படியாது என்பதால் மடிப்புத் தையல் போடுகிறோம். உருண்ட மேற்பரப்பை இழுக்காமலோ கிழிக்காமலோ தட்டையாக்க முடியாது என்பதை 1827 இல் கவுஸ் என்ற ஜேர்மன் கணித மேதை நிறுவினார். தையற்காரியின் கத்தரிக்கோலும் அதைத் தினமும் நிறுவுகிறது.

ஆனால் இந்த அக்காவோ, "எனக்குக் கணக்கு ஓடாது" என்றே எப்போதும் கூறுவார். 1995 இடப்பெயர்வோடு அவரது பள்ளிப்படிப்பு நின்றுபோனது. சில வருடங்களுக்கு முன் கணனி வரைதல் பயிற்சிநெறி ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்தபோது, சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையவில்லை என்ற காரணத்தால் விண்ணப்பம் திரும்பி வந்தது. முப்பரிமாண வளைவுகளை இருபது வருடங்களாகக் கையால் கணித்து வருபவரிடம் கணிதம் இல்லை என்று ஒரு படிவம் தீர்ப்பளித்துவிட்டது.

வெளியில் தெரியாத அறிவுக்குப் பெயர் கிடைப்பதில்லை. நான் மேலே கூறிய புள்ளி முறையின் வரலாறும் இதற்குச் சான்று. பிரான்ஸில் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் 1958 இல் சேர்ந்த போல் டி காஸ்டெல்ஜோ, 1959 அளவில் இம்முறையைக் கண்டறிந்தார். நிறுவனம் அதை நீண்டகாலம் இரகசியமாக வைத்திருந்தது. ரெனோ கார் நிறுவனத்தின் பொறியியலாளர் பியர் பெசியே 1960களில் தனியாக இதே வளைவுகளை அடைந்து, அவற்றை வெளியிட்டார். அதனால் உலகம் அவற்றைப் 'பெசியே வளைகோடுகள்' என்கிறது. காஸ்டெல்ஜோவின் உரிமை பின்னரே அறியப்பட்டது. பெசியே 1999 இலும் காஸ்டெல்ஜோ 2022 இலும் காலமாயினர். இன்று கணனியில் அச்சுக் கோக்கப்படும் ழகரத்தின் சுழிவும் ஓகாரத்தின் வளைவும் இத்தகைய கோடுகளாகவே சேமிக்கப்பட்டுள்ளன.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்றபோது, ஆர்லி ஹொச்சைல்ட் 1989 இல் எழுதிய நூலொன்றைப் பற்றிப் படித்தோம். வெளியே உழைத்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் இரண்டாவது வேலை காத்திருக்கிறது என்பது அதன் சாரம். அந்த இரண்டு வேலைகளுக்கும் அப்பால் அவளுக்கென்று ஒரு மணி நேரம் எங்கே என்பதே என் கேள்வி. அந்த நேரத்துக்கும் வருமானக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால், அது மூன்றாவது வேலையாகிவிடும்.

சகோதரிகளே, இதனைப் பழக விரும்புவோர் வீட்டிலுள்ள குடம், பேணி, அகப்பை ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். அடிமட்டத்தால் அளந்து, பாதி விளிம்பைத் தாளில் வரைந்து, பின்னர் கணனிக்குச் செல்லுங்கள். மாம்பழத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

அக்கா இப்போது வியாழக்கிழமைகளில் நிலையத்தின் கணனியில் அமர்கிறார். சென்ற வாரம் குடம் ஒன்றை முடித்தார். அதன் கழுத்து தனக்குப் பிடிக்கவில்லை என்று கூறி ஒரேயொரு புள்ளியை மட்டும் சற்று உள்ளே நகர்த்தினார். பிறகு, "ஆறு மணி மட்டும் நிலையத்தைத் திறந்து வைக்கேலாதோ?" என்று கேட்டார். அதற்கான கடிதத்தை நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துள்ளேன். "நோக்கம்" என்ற இடத்தில் "வருமானம்" என்று எழுதவில்லை. "கற்றல்" என்று எழுதியுள்ளேன்.