யாரிடம் சொல்வது, யார் விசாரிப்பது, எப்போது வரை: இசபெல் கொய்ஷெட்டின் திரைப்பயணம்

கடலின் நடுவே எண்ணெய் அகழும் மேடை ஒன்று. விபத்தில் உடல் எரிந்து, தற்காலிகமாகப் பார்வை இழந்த தொழிலாளி ஒருவன் அங்கே படுத்திருக்கிறான். அவனைப் பராமரிக்க ஒரு தாதி வருகிறாள். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. கேட்கும் கருவி அணிந்திருக்கிறாள்; ஆட்களின் பேச்சு வேண்டாம் என்று தோன்றும்போது அதை நிறுத்திவிடுகிறாள். அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் இல்லை. படத்தின் பிற்பகுதியில், யாரும் வற்புறுத்தாமல், அவளாகவே பேசத் தொடங்குகிறாள். யூகோஸ்லாவியா சிதறிய போரின்போது தனக்கும் தன் தோழிக்கும் நடந்ததைச் சொல்கிறாள். கமரா அந்த அறையை விட்டு வெளியே போவதில்லை. முகாமோ சீருடையோ காட்டப்படுவதில்லை. ஒருத்தி சொல்கிறாள், ஒருவன் கேட்கிறான்.

2005 இல் வெளியான ‘வார்த்தைகளின் இரகசிய வாழ்க்கை’ என்ற அந்தப் படத்தை எழுதி இயக்கியவர் ஸ்பெயினைச் சேர்ந்த இசபெல் கொய்ஷெட். அடுத்த ஆண்டு ஸ்பெயினின் உயரிய திரைப்பட விருதான கோயா விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த மூலத் திரைக்கதை உட்பட நான்கு விருதுகள் அதற்குக் கிடைத்தன. நாயகி கனேடிய நடிகை சாரா பொலி, நாயகன் அமெரிக்கரான டிம் ரொபின்ஸ், மொழி ஆங்கிலம், தயாரிப்பு பெட்ரோ அல்மொடோவாரின் நிறுவனம். கொய்ஷெட்டின் தொழில் வாழ்க்கை முழுவதும் ஏறத்தாழ இப்படித்தான் நாடுகளுக்கும் மொழிகளுக்கும் இடையில் நகர்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அவருடைய எல்லாப் படங்களையும் பட்டியலிடப் போவதில்லை. போரைக் கடந்து வந்த சமூகம் ஒன்றுக்கு இந்த இயக்குநரின் வேலை ஏன் முக்கியம் என்பதையே பார்க்க முயல்கிறது.

ஒரு நாட்டுக்குள் அடங்காத பயணம்

கொய்ஷெட் 1960 இல் பார்சிலோனாவை ஒட்டிய சாந்த் அட்ரியா டி பெசோஸ் என்ற ஊரில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். பின்னர் விளம்பரத்துறையில் வேலை செய்தார். 1989 இல் வெளியான முதல் படம் எடுபடவில்லை. அடுத்த படத்துக்கு ஏழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1996 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஆங்கிலத்தில் எடுத்த ‘உன்னிடம் ஒருபோதும் சொல்லாதவை’ அவருக்கான வழியைத் திறந்தது.

2003 இல் வந்த ‘நானில்லாத என் வாழ்க்கை’ கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்டது. 23 வயதான தாய் ஒருத்தி, இரவில் துப்புரவு வேலை செய்பவள், தான் விரைவில் இறக்கப்போவதை அறிகிறாள். யாருக்கும் சொல்லாமல், தன் இரு பெண் பிள்ளைகளும் 18 வயதாகும்வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்றாகக் கேட்பதற்குத் தன் குரலை ஒலிநாடாக்களில் பதிந்து வைக்கிறாள். அதன் பிறகு ஃபிலிப் ரோத்தின் நாவலைத் தழுவிய ‘எலிஜி’ (2008), கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்ற ‘டோக்கியோவின் ஒலிகளின் வரைபடம்’ (2009), பேர்லின் விழாவின் தொடக்கப் படமான ‘யாருக்கும் வேண்டாத இரவு’ (2015) ஆகியன வந்தன. 1950களின் இறுதியில் ஆங்கிலேயச் சிற்றூர் ஒன்றில் புத்தகக் கடை திறக்கும் விதவையைப் பற்றிய ‘புத்தகக் கடை’ (2017) அவருக்கு இரண்டாவது முறையாகச் சிறந்த இயக்கத்துக்கான கோயாவைப் பெற்றுத் தந்தது. 2020 இல் ஸ்பெயினின் தேசிய திரைப்பட விருதும், 2023 இல் உலக சினிமாவுக்கான பங்களிப்புக்காக ஐரோப்பிய திரைப்பட அகடமியின் விருதும் கிடைத்தன. 2025 இல் இத்தாலிய மொழியில் படம் எடுத்திருக்கிறார். பெரும்பாலான படங்களில் கமராவை அவரே இயக்குகிறார்.

இப்படி ஊர் ஊராகப் போகும் ஒருவரிடம் பொதுவான இழை எது? குரல்தான். அவருடைய பாத்திரங்கள் நேரில் சொல்ல முடியாததை நாடாவில் பதிகிறார்கள், தொலைபேசியில் முகம் தெரியாதவரிடம் சொல்கிறார்கள், அல்லது சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். யார் யாரிடம் சொல்கிறார்கள், கேட்பவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதிலேயே அவருடைய கதைகள் நகர்கின்றன. இதே அக்கறைதான் அவரை ஆவணப்படங்களுக்கும் கொண்டுபோனது.

யாரிடம் சொல்வது?

‘வார்த்தைகளின் இரகசிய வாழ்க்கை’ வெறும் கற்பனையில் இருந்து பிறக்கவில்லை. அதற்கு முன்பே சரயேவோவில் சித்திரவதை குறித்து ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார் கொய்ஷெட். படத்தில் ஜூலி கிறிஸ்டி நடித்திருக்கும் பாத்திரமும் உண்மையான ஒருவரை அடியொற்றியது. அவர், சித்திரவதைக்குள்ளானவர்களுக்கான மறுவாழ்வு நிலையத்தை 1982 இல் கோபன்ஹேகனில் நிறுவிய டென்மார்க் மருத்துவர் கெனெஃப்கே. சித்திரவதையின் நோக்கம் தகவல் பெறுவதோடு முடிவதில்லை, ஒருவரின் ஆளுமையை உடைப்பதே அதன் அடிப்படை நோக்கம் என்ற புரிதலில் இருந்து எழுந்த மருத்துவப் பணி அது.

குணமடைந்த தொழிலாளி, தாதியைத் தேடி கோபன்ஹேகன் போகிறான். தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியங்கள் அங்கே நாடாக்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. அவளுடையதும் அவற்றில் ஒன்று. அந்த நாடாவில் இருப்பதைப் படம் நமக்குப் போட்டுக் காட்டுவதில்லை. அவள் நம்பிய ஒருவனிடம், தான் தெரிந்தெடுத்த நேரத்தில் சொன்னது மட்டுமே நமக்குத் தெரியும். சாட்சியம் அதைச் சொன்னவருக்கே உரியது, அது ஆவணமாகிவிட்ட பிறகும் அவருடைய சம்மதம் தேவை என்பதே படத்தின் நிலைப்பாடு.

போர் பற்றிய படங்களில் இது அரிது. பாலியல் வன்முறையைக் காட்சியாக்கி, பார்வையாளரை அதிரவைத்து, அந்த அதிர்ச்சியையே அனுதாபமாகக் கணக்கிடும் படங்கள் ஏராளம். எமது போர் பற்றி வந்த படங்களிலும், இணையத்தில் பகிரப்படும் காணொளிகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. பார்க்கிறவர் அழுகிறார். அந்தப் பெண்ணின் குடும்பமோ, அதே அனுபவத்தோடு வாழும் இன்னொரு பெண்ணோ அதைப் பார்க்க நேர்ந்தால் என்னவாகும் என்று கேட்பவர் குறைவு.

யார் விசாரிப்பது?

2011 இல் வெளியான ‘நீதிபதி கார்சோனைக் கேட்டல்’ என்ற ஆவணப்படத்தில் இருவர் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் எழுத்தாளர் மனுவேல் ரிவாஸ். மற்றவர் பல்தசார் கார்சோன்: 1998 இல் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோஷே லண்டனில் கைதாகக் காரணமான பிடியாணையைப் பிறப்பித்தவர். கறுப்பு வெள்ளையில் ஒரு நீண்ட உரையாடல், அவ்வளவே படம்.

அந்த உரையாடல் ஏன் தேவைப்பட்டது? 2008 இல் கார்சோன், ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலும் பிராங்கோவின் ஆட்சியிலும் காணாமலாக்கப்பட்டவர்கள் குறித்து விசாரணை தொடங்கினார். அவருடைய கட்டளையில் இருந்த எண்ணிக்கை 114,000 ஐத் தாண்டியது. 1977 ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டம் இருக்கும்போது இதை விசாரிக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று வழக்குத் தொடரப்பட்டது. 2010 இல் பணியில் இருந்து இடைநிறுத்தப்பட்டார். 2012 பெப்ரவரி 9 அன்று, ஓர் ஊழல் வழக்கில் சட்டத்துக்குப் புறம்பாக உரையாடல்களை ஒட்டுக்கேட்க உத்தரவிட்டார் என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 11 ஆண்டுகள் பதவி வகிக்கத் தடை விதிக்கப்பட்டது. பத்து நாட்கள் கழித்து இந்தப் படம் சிறந்த ஆவணப்படத்துக்கான கோயாவைப் பெற்றது. அதே மாத இறுதியில் பிராங்கோ கால விசாரணை தொடர்பான வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார். 2021 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, அவருக்கு எதிரான வழக்குகள் தன்னிச்சையானவை என்று கூறியது.

தடை விதித்தவர்கள் சர்வாதிகாரியின் ஆட்கள் அல்ல. ஜனநாயக ஸ்பெயினின் உயர் நீதிமன்றம். மூன்று தசாப்தங்களைக் கடந்த ஜனநாயகம்கூட புதைகுழிகளைத் திறக்கத் தயங்கியது. 2022 ஒக்டோபரில்தான் காணாமற்போனவர்களைத் தேடுவது அரசின் பொறுப்பு என்று ஜனநாயக நினைவுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குள் பல குடும்பங்களில் தேடியவர்களும் இறந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆட்சி மாறினால் நீதி தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஸ்பெயினைப் பார்க்க வேண்டும்.

எப்போது வரை?

2022 இல் வந்த ‘மஞ்சள் கூரை’ கட்டலான் மொழித் தலைப்பைக் கொண்ட ஆவணப்படம். கட்டலோனியாவின் லெய்தா நகர நாடகப் பள்ளியில் 2001 க்கும் 2008 க்கும் இடையில், பதின்ம வயதில் இருந்தபோது, தமது ஆசிரியர்கள் இருவரால் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானதாக ஒன்பது பெண்கள் 2018 இல் முறைப்பாடு செய்தார்கள். காலாவதியாகிவிட்டது என்று வழக்கு மூடப்பட்டது. பயமும் வெட்கமும், நடந்தது என்ன என்று விளங்கவே பிடித்த ஆண்டுகளும் சட்டத்தின் கணக்கில் வரவில்லை. நீதிமன்றம் கேட்காததை இந்தப் படம் கேட்கிறது.

ஸ்பெயினில் 2021 இல் வந்த சட்டம் இதில் மாற்றம் செய்தது. சிறுவயதில் நடந்த பாரதூரமான பாலியல் குற்றங்களுக்கு, பாதிக்கப்பட்டவர் 35 வயதை அடைந்த பின்னரே காலவரம்பு எண்ணப்படத் தொடங்கும். ஆனால் ஏற்கெனவே காலாவதியான குற்றங்களுக்கு அது பொருந்தாது.

இந்த இடத்தில் எம்முடைய நாட்டுச் சட்டத்தையும் நினைவுபடுத்த வேண்டியுள்ளது. இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவின்படி, கொலைக்கும் அரசத்துரோகத்துக்கும் மட்டுமே காலவரம்பு இல்லை. சட்டத்தில் விசேட ஏற்பாடு இல்லாத ஏனைய குற்றங்களுக்கு 20 ஆண்டுகளுக்குப் பின் வழக்குத் தொடர முடியாது. 2009 மே மாதத்தில் நடந்த வல்லுறவோ சித்திரவதையோ பற்றிய வழக்குக்கு இதன் பொருள் என்ன என்பதைக் கணக்கிட எவருக்கும் கடினமில்லை: 2029. நல்லிணக்க ஆணைக்குழுவிலும் (2010), பரணகம ஆணைக்குழுவிலும் (2013), பின்னர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்ன தாய்மார் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தெருவோரம் இருந்தவர்களும் அவர்களே. அவர்கள் சொல்லாமல் விட்டதாக யாரும் குறைகூற முடியாது. சொன்னது விசாரணையாக மாறவில்லை. ஆனால் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களில் இன்னும் வாய் திறக்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டிய காலத்தைச் சட்டம் தரப்போகிறதா என்பதே கேள்வி. இது கடந்தகாலம் பற்றிய கேள்வி அல்ல. இன்றைய நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டிய கோரிக்கை.

கேள்விக்குட்பட வேண்டியவை

கொய்ஷெட்டை விமர்சனமின்றி ஏற்க வேண்டியதில்லை. ‘வார்த்தைகளின் இரகசிய வாழ்க்கை’யில் போரில் சிதைந்த பெண்ணுக்கு இறுதியில் கிடைப்பது ஓர் ஆணின் காதல். நீதிமன்றம் கதைக்குள் வருவதே இல்லை. வாழ்வதற்கு அன்பு வேண்டும்தான். ஆனால் அன்பு கிடைத்துவிட்டால் பொறுப்புக்கூறல் தேவையில்லை என்று பார்வையாளர் ஆறுதலடைய இந்த முடிவு இடம் தருகிறது. பொல்கனில் இருந்து வந்த பெண் தன் கதையை ஆங்கிலத்தில், கனேடிய நடிகை ஒருவரின் வாயால் சொல்கிறாள். ‘யாருக்கும் வேண்டாத இரவு’ படத்தில் கிறீன்லாந்தின் இனுவிட் பெண்ணாக நடித்தவர் ஜப்பானிய நடிகை ரிங்கோ கிக்குச்சி. கேட்பதைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசுகிற ஒருவர், சொல்கிறவர்களின் மொழியையும் முகத்தையும் இவ்வளவு எளிதாக மாற்றலாமா? பன்னாட்டுச் சந்தைக்கு எடுக்கப்படும் படங்களின் விலை இது.

அரசியலிலும் அவர் எல்லோருக்கும் உவப்பானவர் அல்ல. கட்டலான் தாய்மண்ணைச் சேர்ந்தவராக இருந்தும், 2017 இல் கட்டலோனியா ஒருதலைப்பட்சமாகப் பிரிவதை வெளிப்படையாக எதிர்த்தார். தெருவில் ‘பாசிஸ்ட்’ என்று ஏசப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். அந்த நிலைப்பாட்டை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். சுயநிர்ணய உரிமைக்காகப் பெரும் விலை கொடுத்த சமூகத்தில் பலர் மறுக்கவே செய்வார்கள். ஆனால் பிராங்கோவின் புதைகுழிகளைப் பற்றிப் படம் எடுத்த ஒருவரை பாசிஸ்ட் என்று அழைப்பதில் உள்ள அவசரம், மாற்றுக்கருத்தைத் துரோகமாகப் பார்க்கும் பழக்கம் எங்கும் ஒன்றுதான் என்பதைக் காட்டுகிறது.

இந்தக் குறைகளோடும் சேர்த்தே, அவருடைய வேலையில் இருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது தெளிவானது. வடக்கிலும் கிழக்கிலும் சாட்சியங்களைச் சேகரிப்பவர்கள் இன்று பலர்: ஊடகவியலாளர்கள், ஆய்வாளர்கள், தொண்டு நிறுவனங்கள், படம் எடுக்கும் இளையவர்கள். ஒலிப்பதிவுக் கருவியை அழுத்துவதற்கு முன் சொல்ல வேண்டியவை சில உண்டு. இது எங்கே வைக்கப்படும், யார் கேட்பார்கள், பின்னர் வேண்டாம் என்று தோன்றினால் மீளப் பெற முடியுமா, இதனால் வழக்கு வருமா வராதா. இவற்றுக்கு நேர்மையான பதில் கொடுக்க முடியாவிட்டால், அந்தப் பதிவைத் தொடங்காமல் இருப்பதே முறை.