சொல்லும் உள்ளமும்

“ரென்சனாய்க் கிடக்கு, சேர்.” இவ்வாக்கியத்தை வகுப்பறையில் நாளொன்றுக்கு எத்தனை முறை கேட்கின்றோமென நாம் எண்ணியதில்லை. பரீட்சை நெருங்கினால் ரென்சன். சைக்கிளுக்குக் காற்றுப் போனால் ரென்சன். கடல் கடந்த தந்தையார் இரண்டு நாள் பேசாதிருந்தாலும் ரென்சன். மாணவரை மாத்திரம் நாம் குறை கூறவில்லை. ஆசிரியர் கூடும் அறையிலும் இதே சொல்தான் வழங்குகின்றது. பிறமொழிச் சொல்லென்பது பற்றி நாம் அதனை வெறுக்கவுமில்லை. சேர் என்பது மாத்திரம் தமிழோ? எமது குறை யாதெனின், அச்சம், சினம், நாணம், ஏக்கம் எனத் தனித்தனியே நிற்பவற்றை எல்லாம் அஃது ஒரே சாக்கிலிட்டுக் கட்டிவிடுகின்றது என்பதே. தன்னுள் நிகழ்வது இன்னதென்று பிரித்தறியமாட்டாதவன் அதற்குப் பரிகாரம் தேடுவது எங்ஙனம்?

இவ்வினாவை மானிப்பாயிலிருந்து எழுப்புவது பொருத்தமானதே. சொற்களைத் தேடித் தொகுத்த ஊர் இது. 1834 இல் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் இங்கு இயங்கத் தொடங்கிற்று. சந்திரசேகர பண்டிதர் முதலியோர் தொகுத்த அகராதி 1842 இல் அவ்வச்சுக்கூடத்தினின்றே வெளிவந்தது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் வழங்கும் அந்நூலில் ஏறத்தாழ 58,500 சொற்கள் உள. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருளுரைத்தமை அதன் சிறப்பு.

ஐந்தாண்டுகள் கழிந்து 1847 இல் அமெரிக்க நாட்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, மாணவரைச் சேர்த்து, முதலில் ஆங்கிலத்திலேயே மேனாட்டு வைத்தியங் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி அயலூர்களுக்கு அகல்வதை அவர் கண்டார். ஊரில் இருந்து ஊராரின் நோயைத் தீர்ப்பவர் ஊராரின் மொழியிலேயே கற்றவராதல் வேண்டுமென்று துணிந்து, 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார். ஆங்கில வைத்திய நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழுருப் பெற்றன. ‘இரண வைத்தியம்’ 1867 இல் வந்தது. ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ இரண்டும் 1872 இல் வந்தன. இரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’. தனித்தமிழன்பர் முகஞ்சுளிப்பாராயினும் எமக்கு அப்பெயரில் ஒரு பிரியம் உண்டு. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

இதனை மொழிப்பற்றின் கதையாக மாத்திரம் கூறுதல் எமக்கு வழக்கமாகிவிட்டது. அதன் உட்பொருள் வேறென்பது எமது துணிபு. நோயாளி “நெஞ்சு அடைக்குது” என்கின்றான். வைத்தியன் அவ்வுறுப்பையும் அது தொழிற்படும் முறையையும் அவனுக்கு விளங்கும் சொல்லிலே கூறுகின்றான். அக்கணமே நோயாளி தன் உடம்பைத் தானே ஒரு முறை பார்த்துக்கொள்கின்றான். உடம்புக்குச் செய்த இப்பணி உள்ளத்துக்கும் வேண்டுமன்றோ? போர் நடந்த காலத்திலே யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்னும் நூலைத் தமிழில் எழுதியமை அவ்வழியில் வந்த பணியென்றே நாம் கருதுகின்றோம்.

அந்நூல் எமக்குச் செய்த உதவியை இங்குச் சொல்லாதொழிதல் முறையன்று. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் வழியே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, பாடசாலைச் சிறுவராய் நாமும் அக்கூட்டத்துள் இருந்தோம். அதன் பின்னர் தகரக் கூரையில் மழைத்துளி விழுந்தால் எமது கை நடுங்கும். “தடிமன் வரப்போகுது” என்று வீட்டார் கொத்தமல்லி அவித்துத் தருவர். அதனைக் குடித்துக் குடித்து வளர்ந்தோம். ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாளிலே, ஒரு மழைக்கால மாலையில் அந்நூலைப் படித்துக்கொண்டிருக்கையில், எமது நடுக்கத்துக்கு ஒரு பெயருண்டு என்பதை அறிந்தோம். நடுக்கம் அன்றே நின்றதில்லை. எமக்கு நிகழ்வது இதுவென அறிந்தமையால் அதனைக் கண்டு வெட்குதல் மாத்திரம் நின்றது.

இத்துணையும் அறிந்த நாமே பின்னொரு நாள் தவறினோம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்று வாரம் கட்டுரை எழுதாது வெற்றுக் கொப்பி தந்தான், பாடவேளையில் உறங்கினான். ‘சோம்பல்’ என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தோம். அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும் ஒரு பயிற்சி இட்டோம்: உங்களுக்கு ரென்சன் என்பதை, அச்சொல்லைக் கையாளாது, ஐந்து வரியில் எழுதுக. அம்மாணவன் மூன்று வரியே எழுதினான். இரவில் நாய் குரைத்தால் எழுந்து படலையைப் பார்ப்பதாகவும், கடன்காரர் வந்துவிடுவார்களோ என்று அந்தரமாக இருப்பதாகவும், விடிந்த பின்னரே நித்திரை வருவதாகவும் எழுதியிருந்தான். தாயாரை அழைத்துப் பேசினோம். கடன் எம்மால் தீரவில்லை. சிவப்பு மையால் எழுதிய சொல்லை நாமே வெட்டினோம். அதனையும் அவன் காணவே வெட்டினோம்.

அந்தரம் என்ற அச்சொல்லை அவன் எந்நூலிலும் கற்றிலன், அடுக்களையிற் கற்றான். பதகளிப்பு, வெப்பியாரம், ஏக்கம், அலுப்பு, மறுக்கம் என எம்மவர் வாயில் வழங்குவன எத்தனை! பதகளிப்பு என்பதை இந்நாளில் உளமருத்துவரும் வழங்குகின்றனர். சொல் மருந்தாகிவிடும் என்று நாம் கூறவரவில்லை. உறக்கமும் உணவும் ஒழிந்து தவிப்போரை வைத்தியரிடமே அழைத்துச் செல்லல் வேண்டும். அங்குச் சென்றவர் தமக்குள்ளதை எடுத்துரைப்பதற்கேனும் சொல் வேண்டுமன்றோ? “ஆம்பிளைப் பிள்ளை அழுறதே” என்று அதட்டி வளர்க்கப்பட்ட எம்மனோர்க்கு இது சிறிது கடினமே.

எமது வகுப்பு மாணவர் இத்தகைய சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வருகின்றனர். சொல், அதனைக் கூறியவர் வயது, எப்போது கூறினார் என மூன்று நிரல். இதுகாறும் 43 சொற்கள் சேர்ந்துள. ‘வெப்பியாரம்’ தந்தவர் ஒரு மாணவனின் அப்பாச்சி; வயது 81; மகன் விமானமேறிய அன்று தமக்கு இருந்ததாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வதியும் பழைய மாணவர் தத்தம் தாயாரைக் கேட்டு ஒவ்வொரு சொல் எழுதி அனுப்புவாராயின், அக்கொப்பியில் இடமுண்டு.