75 ரவுண்டும் என் 45 ஆயிரமும்

டிஸ்கி: இது கோல்ஃப் பதிவு. "பணக்காரன் விளையாட்டு, நமக்கெதுக்கு" என்று மூடப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் இருங்க. மிக்ஸி பிளேடு, டூத் பிரஷ், ஆர்.ஓ. ஃபில்டர் என்று எதையாவது "இத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும் சார்" என்று யாராவது சொல்லி, நீங்களும் மாத்தியிருந்தால் இது உங்க கதையும்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கோல்ஃப் பையில் அதிகபட்சம் 14 குச்சி வைத்துக்கொள்ளலாம். அதில் மூணு நாலு குச்சிக்கு வெட்ஜ் என்று பேர். முகம் நல்லா மல்லாந்து இருக்கும். கிரீனுக்குப் பக்கத்தில் வந்தபிறகு பந்தை உசரத் தூக்கிப் போட்டு, விழுந்த இடத்திலேயே நிறுத்தத்தான் இந்தக் குச்சி. முகத்தில் கோடு கோடாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதுதான் குரூவ். பந்து பின்பக்கமாகச் சுழன்று பிரேக் போட்ட மாதிரி நிற்பதற்கு இந்தக் குரூவ் உதவும். உதவும், அவ்வளவுதான். இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்குங்க.

இந்தக் குச்சியைச் சுற்றி ஒரு வேதவாக்கு இருக்கிறது. "75 ரவுண்டு ஆடினா குரூவ் மழுங்கிடும். வெட்ஜை மாத்திடணும்." கடையில் சொல்வார்கள், யூடியூபில் சொல்வார்கள், கிளப்பில் டீ குடிக்கும்போது பக்கத்து டேபிள் ஆசாமி சொல்வார். முதலில் சொன்னவன் வெட்ஜ் விற்கிறவன் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நானும் விழுந்தேன். போன வருஷம் கையுறை வாங்கப் போன கடையில் பையன் கேட்டான்.

"வெட்ஜ் வாங்கி எத்தனை வருஷம் சார் ஆச்சு?"

"நாலு."

"வாராவாரம் ஆடுவீங்களா?"

"ஆமா."

"அப்ப 200 ரவுண்டு தாண்டிருச்சு சார்."

சொல்லிவிட்டு ஒரு பார்வை பார்த்தான் பாருங்க... ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் பார்க்கிற பார்வை. அரை மணி நேரத்தில் மூணு புது வெட்ஜ், 45 ஆயிரம் ரூபாய். வீட்டில் பதினஞ்சு என்று சொன்னேன். பொய் இல்லை, ஒண்ணோட விலை அதுதான் :-)

ரெண்டு மாசம் ஆடினேன். ஸ்கோர் அசையவே இல்லை. பந்து முன்னாடி எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது.

எங்க மைதானத்தில் என் பையைத் தூக்கும் கேடி அண்ணன் என்னைவிட மூத்தவர், முப்பது வருஷமாக அங்கேயே இருக்கிறார். கேடிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் காலையில் ஆடிக்கொள்ள அனுமதி உண்டு. அவர் பழைய வெட்ஜைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அவர் கையில் அதைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. நாலு வருஷம் நான் சேர்த்து வைத்திருந்த செம்மண்ணையெல்லாம் மரத்து டீயின் முனையால் சுரண்டி எடுத்து, பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தார்.

"குழியில மண்ணு அடைச்சிருந்தா புதுசானாலும் பழசானாலும் ஒண்ணுதான் சார்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாங்கண்ணே, பார்த்துருவோம்." சாயங்காலம் நாலு மணி, காய்ந்த புல், கிரீனுக்கு 40 கஜம். ஒரே மாதிரிப் பந்து. புதுசில் பத்து, பழசில் பத்து என்று அவர்தான் அடித்தார். நான் அடித்தால் என்னைத்தான் சோதித்த மாதிரி ஆகும், குச்சியை இல்லை. ரெண்டு கும்பலும் கிரீனில் ஒண்ணாகவே கிடந்தன. எது எதில் அடித்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் கதை சுபம். அவர் நிறுத்தவில்லை. தண்ணி பாட்டிலைத் திறந்து புல்மேலும் பந்துமேலும் ஊற்றினார். மறுபடி பத்து, பத்து. இந்தத் தடவை புதுசில் அடித்த பந்து ஏழெட்டு அடி உருண்டு நின்றது. பழசில் அடித்தது உசரமாகக் கிளம்பி, விழுந்து, இருபது அடி ஓடியது.

"மழை நாள்ல இது பேச்சு கேக்காது சார்."

விஷயம் மொத்தமும் இவ்வளவுதான். இதை அந்தக் கடைப் பையன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மொட்டை டயரை நினைச்சுக்குங்க. காய்ந்த ரோட்டில் மொட்டை டயர் நல்லாவே பிடிக்கும். ரேஸ் காருக்கு வேண்டுமென்றே மொட்டை டயர் போடுகிறார்கள். தண்ணி தேங்கினால்தான் பட்டன் வேண்டும், தண்ணியை ஒதுக்கி வெளியே தள்ள. குரூவும் அதே வேலையைத்தான் செய்கிறது. பந்துக்கும் முகத்துக்கும் நடுவில் மாட்டும் ஈரத்தையும் புல்லையும் ஒதுக்குவது. நடுவில் ஒண்ணும் மாட்டாத காய்ந்த, சுத்தமான இடத்தில் அதுக்குப் பெரிய வேலை கிடையாது. விதிப்படி குரூவின் ஆழம் 0.020 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதாவது அரை மில்லிமீட்டர். அதை அடைக்க எவ்வளவு மண்ணு வேணும் சொல்லுங்க?

நிற்க. அந்த 75 கணக்குக்கு வருவோம்.

நான் ஒரு ரவுண்டில் வெட்ஜ் எடுப்பது 20 தடவை இருக்கும். அதுவும் பாதி, கிரீன் ஓரத்தில் நின்று தட்டிவிடுவது. மூணு வெட்ஜுக்குப் பிரித்தால் ஒண்ணுக்கு ஆறேழு. 75 ரவுண்டுக்குக் கூட்டினால் ஏறக்குறைய 500 அடி. எங்க மைதானத்தில் போட்டிகளுக்குத் தயாராகும் ஒரு பையன் இருக்கிறான். 56 டிகிரி வெட்ஜை மட்டும் எடுத்துக்கொண்டு தினமும் 100 பந்து, பாதி பங்கர் மணலில் அடிக்கிறான். மணல் என்றால் ஒவ்வொரு அடியும் உப்புத்தாள் போட்டு ஒரு இழுப்பு இழுத்த மாதிரி. எனக்கு ஒண்ணரை வருஷத்தில் வரும் 500 அடி அவனுக்கு அஞ்சே நாள்.

இதில் ரவுண்டு எங்கே வந்தது? தேய்வது அடியால், மணலால். காலண்டரால் இல்லை. ரவுண்டு கணக்கு சொல்கிறவனுக்கு நாம் எத்தனை தடவை அடித்தோம் என்பது தெரியாது, தெரிந்துகொள்ளவும் அக்கறை இல்லை. நாம் எப்போது திரும்பக் கடைக்கு வருவோம் என்பதுதான் அவன் கணக்கு.

"அப்ப டூர் ஆட்டக்காரங்க அடிக்கடி மாத்துறாங்களே?" மாத்தட்டும். அவர்கள் நாள் பூரா அடிப்பவர்கள். நீளமான ஈரப்புல்லிலிருந்து தரை மாதிரி இறுகின கிரீனில் பந்தை நிறுத்த வேண்டியவர்கள். ஒரு அடி ஓட்டத்தில் லட்சங்கள் போகும். முக்கியமாக, குச்சிக்கு அவர்கள் காசு கொடுப்பதில்லை, கம்பெனிதான் அவர்களுக்குக் கொடுக்கிறது. அவர்கள் பழக்கத்தை எடுத்து என் தலையில் கட்டுவது, எஃப்-1 வண்டிக்கு நாப்பது லேப்பில் டயர் மாத்துகிறார்கள் என்று என் ஆக்டிவாவுக்கு வாராவாரம் டயர் மாத்தச் சொல்வது மாதிரி.

இன்னொரு தமாஷ். "புதுசு கத்தி மாதிரி கூரா இருக்கும் சார்" என்பார்கள். இருக்கவே முடியாது. யு.எஸ்.ஜி.ஏ.வும் ஆர் அண்ட் ஏ.வும் கொண்டுவந்த குரூவ் விதி 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பள்ளத்தின் கொள்ளளவைக் குறைத்தார்கள், விளிம்பையும் உருட்டச் சொன்னார்கள். விளிம்பு வளைவின் ஆரம் 0.010 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. ஆக, கடையில் பளபளக்கும் வெட்ஜே சட்டப்படி கொஞ்சம் மழுக்கித்தான் வருகிறது.

அந்த விதி வந்த அதே மாசம் நடந்த கூத்து இன்னும் ஜோர். ஃபில் மிக்கெல்சன், குட்டி ஷாட்டுகளில் உலகத்திலேயே பெரிய கை, டோரி பைன்ஸ் போட்டிக்கு ஒரு பிங் ஐ-2 வெட்ஜைக் கொண்டுவந்தார். 1990 ஏப்ரல் 1க்கு முன்னாடி செய்த குச்சி! பழைய வழக்கு ஒன்றின் சமரசத்தால் அதற்கு மட்டும் விலக்கு இருந்தது. சக ஆட்டக்காரர் ஒருவர் ஏமாத்து வேலை என்றே சொல்லிவிட்டார். மார்ச்சில் பிங் கம்பெனி அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததும் விவகாரம் முடிந்தது. இருபது வருஷக் குச்சியை அவர் தேடி எடுத்தது பாசத்தால் இல்லை, அந்தப் பள்ளத்தின் வடிவத்துக்காக. குரூவ் முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் வயசைப் பார்த்து யாரும் முடிவு பண்ணவில்லை, பாருங்க.

பங்கர் ஷாட்டை வேறு இழுப்பார்கள். 1932ல் ஜீன் சரசன் பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயித்தபோது அவர் பையில் இருந்த அதிசயம், அடிப்பாகத்தில் உலோகத்தைச் சேர்த்துத் தடிமனாக்கிய சாண்ட் வெட்ஜ். மணலில் குத்திக்கொண்டு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போக வைப்பது அந்த அடிப்பாகம்தான். பங்கரில் பந்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு அடுக்கு மணல் வந்துவிடுகிறது. அங்கே போய் குரூவைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

சரி, அப்ப எப்பதான் மாத்துறது? ஒருபோதும் மாத்தாதே என்று சொல்ல நான் கஞ்சன் இல்லை. (கொஞ்சம்தான்.) எனக்கு இப்போது புரிந்தவரை:

முதலில் கழுவுங்க. பிரஷ், தண்ணி, துண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி முகத்தைத் துடைங்க.

அப்புறம் பந்தைப் பாருங்க. 45 ஆயிரத்துக்கு வெட்ஜ் வாங்கிவிட்டு, குளத்தில் முங்கி எடுத்த, கல்லு மாதிரித் தோல் உள்ள பந்தை அடித்தால் எந்தக் குரூவும் காப்பாத்தாது. யூரித்தேன் தோல் உள்ள பந்துதான் வெட்ஜில் நல்லாச் சுழலும். நான் ஆடிய ரெண்டு மாசமும் குளத்துப் பந்துதான், ஹி ஹி.

அப்புறம் அண்ணன் செய்த தண்ணி பாட்டில் சோதனை. அதே டிகிரியில் நண்பரின் புது வெட்ஜை இரவல் வாங்கி, ஈரத்தில் பத்துப் பத்து அடிச்சுப் பாருங்க. பழசு உசரமாகக் கிளம்பி ரொம்ப ஓடுகிறதா? நீங்க ஆடுவது பனி இறங்கின விடிகாலையிலா, ஐப்பசி மழையிலா? ரெண்டுக்கும் ஆமாம் என்றால் மாத்துங்க. அதுவும் தேய்ந்த ஒண்ணை மட்டும். மூணையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், உஷார்.

இன்னொரு நியாயமான காரணமும் உண்டு. பழைய அயர்ன் செட்டில் பிட்ச்சிங் வெட்ஜ் 48 டிகிரி இருந்தது. இப்போது வரும் பல செட்டுகளில் 44, 45தான். செட்டை மாத்திவிட்டு அடுத்த குச்சி 56 என்று வைத்திருந்தால் நடுவில் பெரிய ஓட்டை. அப்போது 50 ஒண்ணு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

குரூவைக் கூர்தீட்டும் கருவி என்று நானூறு ஐநூறுக்கு விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதீங்க. அளவு மீறினால் விதிப்படி அந்தக் குச்சி செல்லாது. ஆடி ஆடித் தானாகத் தேய்ந்ததை விதி ஒண்ணும் சொல்வதில்லை. தேய்மானத்தைக் கோல்ஃப் விதியே மன்னிக்கிறது, நாமதான் மன்னிக்க மாட்டேங்கிறோம்.

எனக்கு இதில் காசைவிட வலித்தது ஒண்ணு உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் காலத்தில் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். இப்போது, "ஆமாம்மா, கோணல்தான், 75 ஆட்டத்துக்கு ஒரு தடவை புதுக் கூடம் கட்டித் தர்றோம்" என்று ஒருத்தன் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறான். நமக்கும் அது சௌகரியமாக இருக்கிறது. தினம் அரை மணி நேரம் பயிற்சி பண்ணுவதைவிட கார்டைத் தேய்ப்பது சுலபம். 1991ல் இந்தியன் ஓப்பனை ஜெயித்த அலி ஷேர், 2009ல் ஜெயித்த பெங்களூர் முனியப்பா, ரெண்டு பேருமே கேடியாக இருந்து வந்தவர்கள். 75 ரவுண்டுக்கு ஒரு புது வெட்ஜ் வாங்கும் வசதியோடா ஒரு கேடி ஆட்டம் பழக முடியும்?

அண்ணன் இன்னும் அந்தப் பழைய வெட்ஜில்தான் ஆடுகிறார். பனி காயும்வரை பந்தை முன்னாடியே விழ வைத்து ஓடவிடுகிறார். வெயில் ஏறினதும் நிறுத்துகிறார். குச்சியின் குறையைத் தெரிந்துகொண்டு ஆடுவதும் ஆட்டம்தானே. என் பையில் இப்போது மூணு புது வெட்ஜோடு ஒரு டூத் பிரஷ்ஷும் இருக்கிறது. நாலையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்கோரைக் குறைத்தது பிரஷ்தான்.

பி.கு.: நேத்து ஆர்.ஓ. ஃபில்டர்காரர் போன் பண்ணினார். "சார், ஒரு வருஷம் ஆயிடுச்சு, மாத்திடலாமா?" "எத்தனை லிட்டர் ஓடியிருக்குங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "செக் பண்ணிட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார்.