பாடுபட்ட சுரூபம்

சிலுவையில் அறையுண்ட யேசுநாதரின் உருவத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'பாடுபட்ட சுரூபம்' என்று வழங்குவது நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வெறுஞ் சிலுவை வேறு, இது வேறு என்பதை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது. மரத்தோடு, அதில் பாடுபட்டவரின் திருமேனியும் இருந்தால்தான் அது பாடுபட்ட சுரூபம். பூசை நடக்கும் பீடத்தின் மேலாவது அருகிலாவது இத்தகைய உருவம் இருக்க வேண்டும் என்பது கத்தோலிக்க சபையின் விதி. ஆனால் பட்ட பாடு எவ்வளவு தெரியவேண்டும், எந்த விதமாகத் தெரியவேண்டும் என்பதற்கு விதியில் அளவு சொல்லவில்லை. அந்த இடைவெளியிலேதான் சண்டை புகுந்துகொள்கிறது.

நாம் சொல்லப்போகும் சண்டை பிரான்ஸ் தேசத்தில், ஆல்ப்ஸ் மலைச் சாரலில் உள்ள அஸ்ஸி என்ற மேட்டு நிலத்தில் நடந்தது. அந்தப் பிரதேசம் க்ஷயரோகிகளின் ஊர். நல்ல காற்றையும் வெயிலையும் தவிர அந்த நோய்க்கு வேறு மருந்து இல்லாதிருந்த காலத்தில் அங்கே பல ஸானடோரியங்கள் எழுந்தன. ரேடியத்தைக் கண்டுபிடித்த கியூரி அம்மையார் 1934ல் கண்மூடியதும் அங்குள்ள ஒரு ஸானடோரியத்திலேதான். நோயாளிகளுக்கு ஞான உபசாரம் செய்துவந்த டெவெமி சுவாமியார், அவர்களுக்கென்று ஒரு கோவில் வேண்டும் என்று முயன்றார். 1937ல் வேலை ஆரம்பமாயிற்று. இடையே யுத்தம் வந்துவிட்டது. நோவரினா என்ற சிற்பி கட்டிய அந்தத் தேவமாதா கோவில் 1950 ஆகஸ்டில் அபிஷேகமாயிற்று.

கோவிலை அலங்கரித்தவர்களின் பெயர்களைக் கேட்டால் சித்திரக் கலையில் சிறிது பழக்கமுள்ளவர்களும் திகைத்துப்போவார்கள். முகப்பில் லெஜே, கண்ணாடிச் சாளரங்களில் ருவோ, இன்னும் மத்தீஸ், பொன்னார், பிராக், ஷகால், லிப்ஷிட்ஸ், லூர்ஸா! ஐரோப்பாவின் பெரிய கண்காட்சிச் சாலைகள்கூட இத்தனை பேரை ஒரே கூரையின்கீழ்ச் சேர்ப்பது எளிதன்று. இதற்கெல்லாம் பின்னால் நின்று யோசனை சொன்னவர் கூத்தூரியே என்ற சாமிநாதர் சபைத் துறவி. அவருடைய கொள்கை துணிச்சலானது. பக்தி இருந்து திறமை இல்லாதவனைவிட, பக்தி இல்லாவிட்டாலும் மகா மேதையாக இருப்பவனை அழைப்பதே மேல் என்பது அவர் அபிப்பிராயம். ஆகவே லெஜேயைப் போன்ற பொதுவுடைமைவாதியும், ஷகாலையும் லிப்ஷிட்ஸையும் போன்ற யூதர்களும் தேவமாதாவின் கோவிலில் வேலை செய்தார்கள்.

பிரதான பீடத்தின் பாடுபட்ட சுரூபத்தைச் செய்தவர் ஜெர்மேன் ரிஷியே என்ற பெண்மணி. பூர்டெல் என்ற புகழ்பெற்ற சிற்பியிடம் பயின்றவர். வெண்கலத்தில் அவர் வார்த்த உருவத்தில் சிலுவை தனி, மேனி தனி என்று பிரித்துச் சொல்ல முடியாது. விரிந்த கைகளே குறுக்கு மரமாகிவிட்டன. உடல் காற்றும் மழையும் அரித்த பழைய கட்டையைப்போல் கரடுமுரடாக இருக்கிறது. முகத்தில் கண், மூக்கு, வாய் என்று பிரித்தறியும் அடையாளம் அநேகமாக இல்லை. துன்புறும் ஊழியன் ஒருவனைப் பற்றி, பார்ப்பவர் விரும்பத்தக்க அழகு அவனிடம் ஒன்றும் இல்லை என்று இசையாஸ் தீர்க்கதரிசி சொல்லியிருப்பதையே ஆதாரமாகக் கொண்டதாக அவர் பக்கத்தார் கூறினார்கள்.

1951 ஜனவரியில் டெவெமி சுவாமியார் ஆன்ஷே நகரத்தில் இந்தக் கோவிலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பழைமையில் பிடிப்புள்ள கத்தோலிக்கர் சிலர் அங்கே ஆக்ஷேபித்தார்கள். அதன்பின் துண்டுப் பிரசுரம் ஒன்று ரிஷியே சிலையின் படத்துடன் வெளிவந்து, இது தேவதூஷணம் என்று முழங்கியது. பத்திரிகைகள் சும்மா இருக்குமா? ஏப்ரல் மாதத்தில் அன்னெசி மேற்றிராணியாரின் உத்தரவின்பேரில் சுரூபம் பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. பிரதிஷ்டையாகி ஒரு வருஷங்கூட ஆகவில்லை!

இனி இரு கட்சியாரின் வாதங்களுக்கு வருவோம். புதுமையை வெறுத்தவர்களை மூடர் என்று தள்ளிவிடுவது இந்நாளில் நாகரிகமாகியிருக்கிறது. நாம் அந்தக் கூட்டத்தில் சேரத் தயாரில்லை. அவர்கள் சொன்னதில் சாரம் உண்டு. பீடத்தின்மேல் வைப்பது கலைஞனின் மனோதர்மத்தைக் காட்டும் பண்டமன்று. ஜனங்கள் முழந்தாளிட்டுப் பிரார்த்திப்பதற்குரிய திருவுருவம். எழுத்தறியாத கிழவியும் பார்த்த மாத்திரத்தில் 'இவர் நம் ஆண்டவர்' என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? வியாக்கியானம் செய்ய ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டிய சுரூபம் என்ன சுரூபம்? கடவுள் மனித முகத்தோடு வந்தார் என்பதல்லவா இந்த மதத்தின் அடிப்படை. அந்த முகத்தையே அழித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? இவை உதாசீனம் செய்யக்கூடிய கேள்விகள் அல்ல.

மற்றக் கட்சியார் வேறொன்றைச் சுட்டிக் காட்டினார்கள். பாரிஸில் ஸான் சுல்பீஸ் கோவிலைச் சுற்றியுள்ள கடைகளில் விற்கும் சுண்ணச் சாந்துப் பொம்மைகளை உலகமெங்கும் உள்ள கத்தோலிக்கர் அறிவார்கள். ரோஜா நிறக் கன்னமும், வாரிவிட்ட தலைமயிரும், சலூனிலிருந்து அப்போதுதான் வெளிவந்தவரைப்போன்ற தோற்றமுமாக அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் இறக்குமதியாகும் சரக்கு. ஆணியடித்த கையில் வலியின் சாயைகூட இராது. இதுதானா பரம்பரை? இது நேற்றைய வியாபாரம் அல்லவா? என்று அவர்கள் கேட்டார்கள்.

பரம்பரை என்ற சொல்லைச் சற்று நின்று கவனிப்பது நல்லது. ரோமாபுரியில் சாந்தா சபீனா கோவிலின் மரக் கதவில் ஐந்தாம் நூற்றாண்டில் செதுக்கிய உருவம் இருக்கிறது. யேசுநாதர் கண்களைத் திறந்தபடி, கைகளை விரித்து, தொங்குபவராக இன்றி நிற்பவராகவே காட்சி தருகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இத்தாலியச் சிலுவை ஓவியங்களிலும் அவர் மரணத்தை வென்ற அரசரே. அசீசியாரோடு பேசியதாகச் சொல்லப்படும் சான் தமியானோ சிலுவை அத்தகையது. அசீசியாரின் துறவிகள் பெருகிய பிறகுதான் அந்நாட்டில் கண் மூடி, தலை சாய்ந்து, உடல் வளைந்த உருவம் பரவியது. ஆனால் ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பேராலயத்தில் பத்தாம் நூற்றாண்டிலேயே, வயிறு சரிந்து மரித்துத் தொங்கும் திருமேனியை மரத்தில் செய்து வைத்துவிட்டார்கள்! எது பழைமை, எது புதுமை?

ஆக்ஷேபமும் பழையதே. 1306ம் வருஷத்தில் லண்டன் மேற்றிராணியார், ஜெர்மானியச் சிற்பி ஒருவன் அந்நகரக் கோவில் ஒன்றுக்குச் செய்து விற்ற கவைக் கிளை வடிவான சிலுவையை அகற்றச் சொன்னார். அதன் வடிவம் முறையானதன்று என்பது குற்றச்சாட்டு. ஜனங்களோ அதைத் தரிசிக்கத் திரள்திரளாக வந்துகொண்டிருந்தார்கள். கவனிக்க வேண்டும்: அங்கே சாதாரண ஜனங்கள் புதுமையின் பக்கம். 1921ல் பெல்ஜியம் தேசத்து செர்வேஸ் என்ற ஓவியர் வரைந்த சிலுவைப் பாதைச் சித்திரங்களையும், எலும்பும் நரம்புமான அவற்றின் உக்கிரம் பொறுக்காமல், ரோமாபுரி கண்டித்து எடுக்கச் செய்தது.

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1947ல் வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட நிருபத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இரட்சகரின் மேனியில் கொடிய வேதனையின் அடையாளமே இல்லாதபடி பாடுபட்ட சுரூபம் செய்யச் சொல்வது தவறான வழி என்று அவர் அங்கே எச்சரிக்கிறார். அதே நிருபத்தில், நவீனக் கலை என்பதற்காகவே ஒன்றைத் தள்ளக்கூடாது என்றும், ஆனால் உருவத்தைச் சிதைத்துக் கெடுக்கும் வேலைகளை ஏற்கமுடியாது என்றும் சொல்லுகிறார். ஆகவே 1951ல் இரு கட்சியாரும் ஒரே நிருபத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காட முடிந்தது! 1952ல் ரோமாபுரி மறுபடியும் ஒரு கட்டளை வெளியிட்டது. வழக்கத்துக்கு மாறான உருவங்களைக் கோவிலில் வைப்பதை மேற்றிராணிமார் தடுக்க வேண்டும் என்றது. அத்துடன், தரங்குறைந்த, ஒரே அச்சில் வார்த்த சுரூபங்களைப் பெருக்குவதையும் கண்டித்தது. கடைக்காரர்களுக்கும் ஓர் அடி விழுந்தது என்பதில் நமக்குச் சிறிது திருப்தி.

இந்த விவகாரத்தில் நம் மனத்தைத் தொட்டது பாப்பரசரின் நிருபமும் அன்று, துறவிகளின் வாதமும் அன்று. அஸ்ஸியின் நோயாளிகள் அந்தச் சுரூபத்தை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நுரையீரல் அரித்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, எலும்புக்கூடாகிப்போனவர்கள் அவர்கள். ரிஷியே செய்த உருவத்தில் தங்கள் உடம்பையே அவர்கள் கண்டார்கள். ஆன்ஷேயில் கோபித்தவர்கள் கையில் இருந்தது படம். அஸ்ஸியில் மன்றாடினவர்கள் எதிரில் இருந்தது சுரூபம். இந்த வித்தியாசத்தை அதிகாரிகள் போதிய அளவு எண்ணிப் பார்த்தார்களா என்பது நமக்குச் சந்தேகமே.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1512க்கும் 1516க்கும் இடையில் குரூனெவால்ட் என்ற ஓவியர் இஸன்ஹைம் மடத்துக்கு எழுதிய பீடச் சித்திரத்தில், சிலுவையில் தொங்கும் மேனி முழுவதும் புண்ணாகவும் கொப்புளமாகவும் இருக்கும். விரல்கள் முறுக்கிக்கொண்டிருக்கும். முதன்முதல் பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் அந்த மடம் 'அந்தோணியார் நெருப்பு' என்ற கொடிய நோயால் தோல் வெந்து, கை கால் அழுகி வந்தவர்களைப் பராமரித்த மடம். கெட்டுப்போன தானியத்தால் வரும் நோய் அது. தங்களைப்போன்ற புண்களோடு ஆண்டவர் தொங்குவதை அவர்கள் பார்த்தார்கள். இன்று கோல்மார் நகரத்துக் காட்சிசாலையில் உள்ள அந்தச் சித்திரத்தைப் பழைமைப் பிரியர்களே கொண்டாடுகிறார்கள்.

ஆகவே அஸ்ஸியில் மேற்றிராணியார் தவறினார் என்றே நாம் நினைக்கிறோம். அதே சுரூபத்தைக் கல்யாணமும் ஞானஸ்நானமும் நடக்கும் ஒரு கிராமத்துக் கோவிலில் வைத்து, அங்குள்ள பாட்டிமார்கள் 'எங்களால் இதன்முன் ஜபிக்க முடியவில்லை' என்று சொல்லியிருந்தால், அப்போது அவரை நாம் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவர்கள் பழகிய முகத்தைப் பிடுங்கிக்கொள்ளக் கலைஞனுக்கு என்ன உரிமை? இதைச் சமரசப் பேச்சு என்று கலைப்பிரியர்கள் பரிகசிக்கலாம், பரிகசிக்கட்டும்.

சச்சரவு ஓய்ந்துவிடவுமில்லை. ஆறாம் சின்னப்பர் பாப்பரசருக்காக ஸ்கொர்ஸெல்லி என்ற சிற்பி செய்த செங்கோலில், குறுக்குச் சட்டம் பாரத்தால் வளைந்து, அதில் மெலிந்த உருவம் தொங்குகிறது. இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் கையில் அதைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அவலட்சணம் என்று குறை கூறியவர்களும் உண்டு. பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2008ல் அதை விட்டு, ஒன்பதாம் பத்திநாதர் காலத்து உருவமற்ற பொற்சிலுவையை ஏந்தினார். அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ் பாப்பரசர் பழையபடி வளைந்த சிலுவையையும் கையில் எடுத்தார்.

ரிஷியே அம்மையார் 1959ல் காலமானார். தமது சுரூபம் பீடத்துக்குத் திரும்பியதை அவர் பார்க்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே அது தன் இடத்துக்கு வந்தது. இப்போதும் அங்கே இருக்கிறது. ஆனால் இடையில் ஸ்ட்ரெப்டோமைஸின் முதலிய மருந்துகள் பரவி, க்ஷயரோகிகள் மலையேற வேண்டிய அவசியம் நீங்கிவிட்டது. சுரூபம் திரும்பி வந்தபோது, அதற்காக மன்றாடிய நோயாளிகள் படுத்திருந்த கட்டில்கள் பெரும்பாலும் காலியாகியிருந்தன.