வீரர் பெயரும் கப்பலும்

2017-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சென்னைக்கு அப்பால் வங்காள விரிகுடாவில் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய மூன்று தேசங்களின் கப்பற்படைகளும் சேர்ந்து ‘மலபார்’ என்னும் கூட்டுப் பயிற்சியை நடத்தின. அமெரிக்கர் கொணர்ந்த நாசகாரிக் கப்பல்களில் ஒன்றின் பெயர் ‘கிட்’. அது ஊரின் பெயருமன்று, ஆற்றின் பெயருமன்று. கடமையில் உயிர் நீத்த ஒரு கப்பற்படை உத்தியோகஸ்தரின் பெயர். நம் கப்பற்படையில் இத்தகைய வழக்கம் வேரூன்றவில்லை. அது வேரூன்ற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

யார் இந்தக் கிட்? ரியர் அட்மிரல் ஐஸக் கிட் 1884-இல் ஓஹையோ மாகாணத்தில் பிறந்தவர். 1941 டிசம்பர் 7-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தின் மீது பாய்ந்தபோது, அவர் ‘அரிஸோனா’ என்னும் பெரும் யுத்தக் கப்பலில் இருந்தார். குண்டொன்று கப்பலின் வெடிமருந்து அறையைப் பற்றவைத்தது. அக்கப்பலில் மாண்டவர் 1,177 பேர். கிட்டின் உடல் அகப்படவே இல்லை. அவருடைய கப்பற்படைக் கல்லூரி மோதிரம் மாத்திரம் எஃகுச் சுவரோடு உருகி ஒட்டிக் கிடந்தது. அவர் இறந்த பிறகு ‘மெடல் ஆப் ஆனர்’ என்னும் உன்னத வீரப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது.

அமெரிக்கர் பதக்கத்தோடு நிற்கவில்லை. 1943-இல் அவர் பெயரால் ஒரு நாசகாரிக் கப்பலைக் கடலில் இறக்கினர். அவருடைய மனைவியாரே அதைத் துவக்கி வைத்தார். 1945 ஏப்ரல் 11-ந் தேதி ஒகினாவாத் தீவுக்கு அருகில் ஜப்பானியத் தற்கொலை விமானம் ஒன்று அதன்மேல் மோதியது; 38 பேர் மாண்டனர், 55 பேர் காயமுற்றனர். ஆயினும் கப்பல் மூழ்கவில்லை. இன்று அது லூயிஸியானா மாகாணத்து பாட்டன் ரூஜ் நகரில் பொதுமக்கள் ஏறிப் பார்க்கும் காட்சிக் கப்பலாக நிற்கிறது. இரண்டாவது ‘கிட்’ ஈரான் மன்னர் ஷாவுக்காகக் கட்டப்பெற்று, அங்கு அரசு கவிழ்ந்தபின் அமெரிக்கப் படையிலேயே 1981-இல் சேர்ந்தது. மூன்றாவது ‘கிட்’ 2007-இல் சேவைக்கு வந்தது. 2012 ஜனவரியில் அரபிக் கடலில் கொள்ளைக்காரர் கையில் சிக்கித் தவித்த 13 ஈரானிய மீனவரை அது மீட்டது. அமெரிக்காவும் ஈரானும் கடும் பகைச்சொற்களைப் பரிமாறிக்கொண்டிருந்த நாட்கள் அவை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். 2014 மார்ச்சில் காணாமற்போன மலேசிய விமானத்தைத் தேடும் பணியிலும் அது ஈடுபட்டது. ஒரு கப்பல் ஓய்வு பெற்றால் மற்றொன்று அப்பெயரை ஏற்கிறது. பாட்டன் பெயரைத் தாங்குபவனாதலால் ‘பெயரன்’ என்று நாம் வழங்குகிறோமல்லவா? அதே முறைதான் இது.

இனி நம் தேசத்தைப் பார்ப்போம். 1971 டிசம்பர் 9-ந் தேதி இரவு தியூவுக்கு அப்பால் அரபிக் கடலில் ‘குக்ரி’ என்னும் நமது கப்பல், பகைவரின் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிச் சென்றது. அந்த நீர்மூழ்கியாகிய ‘ஹங்கோர்’ விடுத்த டார்ப்பிடோ அதைத் தாக்கியது. சில நிமிஷங்களில் கப்பல் மூழ்கிற்று. 18 உத்தியோகஸ்தரும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பல் தலைவர் காப்டன் மகேந்திர நாத் முல்லா, தம் மிதவை உடையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர் தப்புவதற்கு வழிசெய்தபடியே கப்பலோடு மூழ்கினார் என்பது உயிர் பிழைத்தோர் வாக்குமூலம். அப்போது அவருக்கு வயது 45. மகாவீர் சக்ரம் அவருக்கு அளிக்கப்பட்டது.

‘குக்ரி’ என்னும் பெயர் மறக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1989-இல் அப்பெயரோடு புதிய கப்பல் ஒன்று சேவைக்கு வந்து, 32 வருஷம் உழைத்து, 2021 டிசம்பர் 23-ந் தேதி ஓய்வு பெற்றுத் தியூவிலேயே நினைவுச் சின்னமாக நிறுவப்பட்டது. ஆனால் குக்ரி என்பது கூர்க்கர் ஏந்தும் கத்தியின் பெயர். கத்தியின் பெயர் இரண்டாம் முறை கடலேறியது; கப்பலோடு மாண்ட மனிதரின் பெயர் கரையிலேயே நின்றுவிட்டது.

நகரங்களின் பெயரை நாசகாரிகளுக்கு இடுவது நம் வழக்கம். டில்லி, மைசூர், கொல்கத்தா, கொச்சி என்ற வரிசையில் 2016 நவம்பரில் ‘சென்னை’யும் சேர்ந்தது. நம் அண்டை மலையாகிய நீலகிரியின் பெயரையும் யுத்தக் கப்பல் தாங்கியிருக்கிறது. இவ்வழக்கத்தில் தேச ஒற்றுமை விளங்குகிறது. அதை ஒழிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் மனிதருக்கும் ஓர் இடம் வேண்டும் என்கிறோம். ஷிப்பிங் கார்ப்பரேஷன் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம்வீர் சக்ரம் பெற்ற வீரர்களின் பெயர்களை இட்டதுண்டு. கரையோரக் காவற்படை தன் ரோந்துக் கப்பல்களுக்குச் சரோஜினி நாயுடு, கனகலதா பருவா முதலிய தேச பக்தைகளின் பெயர்களை இட்டிருக்கிறது. 2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகள் பரம்வீர் சக்ரம் பெற்றோரின் பெயரை அடைந்தன. எண்ணெய்க் கப்பலுக்கும் தீவுக்கும் தகுந்த மரியாதை யுத்தக் கப்பலுக்கு மாத்திரம் தகாதா?

இதற்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. இன்று வீரர் பெயரில் துவங்கினால், நாளை மந்திரிகளின் பெயரும் அவர்தம் தகப்பனார் பெயரும் கப்பலேறுமே என்று அறிவுடையோர் அஞ்சலாம். இந்த அச்சம் நியாயமானதே. தெருக்களுக்கும் பஸ் நிலையங்களுக்கும் பெயரிட்ட விதத்தை நாம் பார்த்திருக்கிறோம். ஆகையால் விதி கண்டிப்பாக இருக்கவேண்டும். உயிரோடு இருப்பவர் பெயர் கூடாது. கடற்சேவையில் உயிரைக் கொடுத்தவர் பெயராகவே இருக்கவேண்டும். பெயரைத் தேர்ந்தெடுப்பது கப்பற்படையின் பொறுப்பாக இருக்கவேண்டும். கட்சிக்காரருக்கு அதில் வேலையில்லை.

மற்றொன்றும் முக்கியமானது. பதவியைப் பார்த்துப் பெயரிடலாகாது. 1942 நவம்பரில் ‘ஜூனோ’ என்னும் கப்பலில் ஸல்லிவன் என்ற ஒரே குடும்பத்துச் சகோதரர் ஐவர் மாண்டனர். ஐவரும் சாமானிய மாலுமிகள். அவர்கள் பெயரால் அமெரிக்கர் ஒரு நாசகாரிக்குப் பெயரிட்டனர். பின்னர் இரண்டாவது கப்பலுக்கும் அதே பெயரை இட்டனர். ‘குக்ரி’யில் மூழ்கிய 176 மாலுமிகளும் ஏதேனும் ஒரு கிராமத்துத் தாய் பெற்ற பிள்ளைகளே. முல்லாவின் பெயரை ஒரு கப்பல் தாங்குமாயின், அவரோடு மாண்ட ஒவ்வொருவர் பெயரும் அக்கப்பலின் உள்ளே பொறிக்கப்பட வேண்டும்.

கடலைக் காணாத அந்தியூரில் இருப்போருக்குக் கப்பலின் பெயரைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரையும் மாடும் பார்த்துப் பழகியவர்கள் நாம் என்பது மெய்தான். ஆனால் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய ஸ்ரீ வ.உ. சிதம்பரம் பிள்ளை, ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் செக்கிழுத்த இடம் கோயமுத்தூர்ச் சிறைச்சாலை. கடலில் கப்பல் விட்ட இந்தியனுக்கு அந்நிய ஆட்சி விதித்த தண்டனையைக் கொங்கு மண் தன் கண்ணால் கண்டது. தூத்துக்குடித் துறைமுகம் 2011-இல் அவர் பெயரை அடைவதற்கு, அவர் மறைந்தபின் 74 வருஷங்களுக்கு மேலாயின. முல்லா மாண்டும் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

மாண்ட வீரனின் பெயரைக் கல்லில் வெட்டி நட்டு வணங்கியவர்கள் நம் முன்னோர். கடலில் மாண்டவனுக்குக் கல் நட இடமில்லை, கப்பல்தான் உண்டு. டில்லி சர்க்கார் அடுத்து இறக்கப்போகும் யுத்தக் கப்பல்களில் ஒன்றுக்கேனும் முல்லாவின் பெயரைச் சூட்ட வேண்டும். நமது பிரதிநிதிகள் இதைப் பார்லிமெண்டில் கேட்பார்களாக.