தறியும் தூரிகையும் சேர்ந்து செய்த வீடு

சுவீடனின் டாலர்னா பகுதியில், ஃபாலூன் நகருக்கு அருகே சுண்ட்போர்ன் என்றொரு கிராமம். அங்கே ஆற்றோரம் ஒரு சிவப்பு மர வீடு நிற்கிறது. பெயர் லில்லா ஹிட்னேஸ். அரண்மனை இல்லை, பெரிய கட்டடக்கலைஞர் யாரும் வரைபடம் போட்டதில்லை. ஆனால் வெள்ளைச் சுவர், வெளிச்சத்தைத் தடுக்காத சன்னல், வெளிர்நிறம் பூசிய மரச்சாமான், கோடு போட்ட பருத்தித்துணி என்று இன்று உலகம் ‘சுவீடன் பாணி’ என்று சொல்லும் வீட்டு அழகுக்கு இந்த வீட்டின் அறைகள் பெரிய காரணம். அந்த அறைகளை ஓவியங்களில் உலகுக்குக் காட்டியவர் கார்ல் லார்சன். அறைகளை உருவாக்கியதில் சரிபாதி அவர் மனைவி காரினுடைய கை. அந்தப் பாதியைப் பற்றி இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை.

இருவரும் ஓவியர்கள். இருவரும் ஸ்டாக்ஹோமின் அரச நுண்கலைக் கழகத்தில் படித்தவர்கள். பாரிஸுக்குத் தெற்கே கிரே என்ற ஊரில் ஸ்காண்டிநேவிய ஓவியர்கள் கூடி வாழ்ந்த இடத்தில் 1882-இல் நெருங்கிப் பழகி, 1883-இல் மணம் செய்துகொண்டார்கள்.

வளர்ந்த விதத்தில் இருவருக்கும் இடையே எட்டாத தூரம். கார்ல் 1853-இல் ஸ்டாக்ஹோமின் பழைய நகரில் கொடும் வறுமையில் பிறந்தவர். அம்மா துணி வெளுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அப்பா, நீ பிறந்த நாளையே சபிக்கிறேன் என்று மகனிடம் சொன்னவர். அந்தச் சொல் கடைசிவரை கார்லின் நெஞ்சில் இருந்தது. தன் வாழ்க்கை வரலாற்றிலும் அதை எழுதிவைத்தார். காரின் வசதியான வணிகர் அடோல்ஃப் பெர்கோவின் மகள். தைக்கவும் வரையவும் சிறுவயதிலேயே பயிற்சி பெற்றவர். வீடு என்ற ஒன்றுக்காக ஏங்கி வளர்ந்தவரும், வீடு எப்படி இயங்கும் என்று கண்டு வளர்ந்தவரும் சேர்ந்ததால்தான் அந்தச் சிவப்பு வீடு அப்படி அமைந்தது என்று தோன்றுகிறது.

வீடு மாமனார் கொடுத்தது. 1888-இல் அடோல்ஃப் பெர்கோ இதைத் தம்பதிக்கு எழுதிக்கொடுத்தார். அதுவரை பெர்கோ குடும்பத்து முதிய பெண்கள் இருவர் வாழ்ந்த சிறிய மரக்கட்டை வீடு அது. செம்பு உருக்கிய காலத்துக் கசடு குவிந்த மண், அதன்மேல் வளர்ந்த பூர்ச்ச மரங்கள், பக்கத்தில் ஆறு. உள்ளே தாழ்ந்த கூரையும் சிறிய அறைகளும். பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்த குடும்பத்துக்கு அது போதாது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற எண்ணம் யாருக்கும் வந்திருக்கும். அவர்கள் இருப்பதை வைத்துக்கொண்டு, தேவை எழும்போதெல்லாம் ஓர் அறையை ஒட்டுவது, ஒரு சுவரைத் திறப்பது என்று நகர்ந்தார்கள். 1901 வரை அது கோடைகால வீடுதான். அந்த ஆண்டில்தான் குடும்பம் நிலையாகக் குடியேறியது. ஆக, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக விடுமுறை தோறும் வந்து, வாழ்ந்து பார்த்து, மாற்றியிருக்கிறார்கள். எந்தச் சன்னலில் காலை வெயில் விழும், குழந்தைகள் எந்த மூலையில் கூடுவார்கள், எந்த வாசலில் குளிர் நுழையும் என்றெல்லாம் தெரிந்த பிறகு செய்த வேலை அது. வேலைக்கு வந்தவர்கள் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும்.

வெளிச்சுவரின் சிவப்புக்கும் ஊர்க்கதை உண்டு. ஃபாலூனின் பெரிய செம்புச் சுரங்கத்தில் மிஞ்சிய இரும்பு ஆக்சைடு நிறைந்த மண்ணை, தண்ணீர், ரை மாவு, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றோடு காய்ச்சிச் செய்யும் வர்ணம் அது. விலை குறைவு, மரத்தையும் காக்கும். சுவீடனின் குடியானவர் வீடுகள் சிவப்பாக இருப்பது இதனால்தான்.

உள்ளே போனால்தான் இருவரின் துணிச்சல் தெரியும். அந்தக் காலத்து நடுத்தர வர்க்க வரவேற்பறை எப்படி இருக்கும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கறுத்த மரம், வெல்வெட் திரை, குஞ்சங்கள், கனத்த கம்பளம், எங்கும் அலங்காரப் பொருள். குளிர்காலத்தில் பகல் சில மணி நேரமே இருக்கும் நாட்டில், அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் திரை போட்டு மூடி வைத்திருந்தார்கள். லார்சன் தம்பதி சன்னலை மூடிய துணியை எடுத்துவிட்டார்கள். மேலே ஒரு சிறு பட்டை மட்டும். கீழே சன்னல் விளிம்பில் வரிசையாகப் பூச்செடித் தொட்டிகள். வரவேற்பறையில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாணி நாற்காலிகளைப் போட்டார்கள். நாகரிகம் போய்விட்டது என்று பிறர் ஒதுக்கிய சாமான்கள் அவை. அவற்றுக்கு வெள்ளை பூசி, நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட உறை தைத்தார்கள். அறையே அகன்றுபோன மாதிரி இருந்தது. தாத்தா காலத்துச் சாமானைத் தூக்கிப் போடாமல் அதற்கு உயிர் கொடுத்ததுதான் அந்த அறையின் அழகு.

அடுத்த அறை முற்றிலும் வேறு. சாப்பாட்டு அறையில் சிவப்பும் பச்சையும் பளீரென்று நேருக்கு நேர் நிற்கும். நகரத்து ரசனை அந்த நாளில் ஏற்காத கூட்டு அது. நாட்டுப்புற வீடுகளில் கண்ட நிறங்களை இருவரும் கூச்சமில்லாமல் கொண்டுவந்தார்கள். சுவரோடு சேர்த்து அடித்த நீண்ட இருக்கையின் மேலே காரின் 1903-இல் நெய்த ‘நான்கு பூதங்கள்’ தொங்கியது. நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கையும் உருவம் வரைந்து காட்டாமல் வடிவங்களாலும் நிறங்களாலும் சொல்லும் நெசவு. நவீன ஓவியர்கள் பலர் உருவத்தைக் கைவிடுவதற்கு முன்பே, ஒரு கிராமத்துச் சாப்பாட்டு அறையில் இது நடந்துவிட்டது.

காரின் திருமணத்துக்குப் பிறகு, குழந்தைகள் பிறக்கத் தொடங்கியதும், ஓவியம் வரைவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். எட்டுப் பிள்ளைகள் பெற்றவர். ஓவியரான ஒரு பெண் தூரிகையைக் கீழே வைத்ததை இழப்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கற்ற கலை அவரை விட்டுப் போகவில்லை. தறிக்கும் ஊசிக்கும் போய்ச் சேர்ந்தது. மேசை விரிப்பு, மெத்தை உறை, கட்டில் திரை, சூரியகாந்தி பூத்த திண்டு, குழந்தைகளின் சட்டை எல்லாம் அவர் வடிவமைத்தவை. நாட்டுப்புற நெசவு முறைகளைக் கற்றார். அவற்றை அப்படியே திருப்பிச் செய்யாமல் தன் போக்கில் வளைத்தார். தனக்கும் கணவருக்குமான இரண்டு படுக்கையறைகளின் இடையே இருந்த வாசலுக்கு ‘காதலின் ரோஜா’ என்றொரு திரை செய்தார். கார்லின் கட்டில் சுவரை ஒட்டாமல் அறையின் நடுவே நிற்கும். அதைச் சுற்றித் துணி தொங்கும்.

மரவேலையிலும் அவர் கை உண்டு. 1906-இல் அவர் வரைந்து கொடுத்து உள்ளூர்த் தச்சர் செய்த ஆடும் நாற்காலி ஒன்று இருக்கிறது. வளைவும் செதுக்கலும் இல்லாமல் நேர்க்கோட்டுச் சட்டங்களால் ஆனது. கர்ப்ப காலத்திலும் வசதியாக உடுத்த, இடுப்பை இறுக்காத தளர்ந்த ஏப்ரன் ஒன்றை அவரே வடிவமைத்து அணிந்தார். ஊர்ப் பெண்களும் அதைப் பார்த்துத் தைத்துக்கொண்டார்கள். காரின் ஏப்ரன் என்றே அதற்குப் பெயர் வந்தது. இடுப்பை இறுக்கும் கார்செட் காலத்தில் பெண்ணுடம்புக்குக் கிடைத்த விடுதலை அது.

கார்லும் சும்மா இருக்கவில்லை. கதவு நிலைகளிலும் சுவர் விளிம்புகளிலும் பூமாலை வரைந்தார், வாசகங்கள் எழுதினார், கதவுப் பலகைகளில் மனைவியையும் பிள்ளைகளையும் தீட்டினார். 1890-இல் வீட்டோடு ஓர் ஓவியக்கூடம் கட்டப்பட்டது. நூற்றாண்டு திரும்பும் தறுவாயில் அதைவிடப் பெரியது ஒன்று தேவைப்பட்டு எழுந்தபோது, பழைய கூடம் வேலைக்கூடமானது. காரினின் தறி அங்கே குடியேறியது. ஒரு வீட்டில் இரண்டு கலைஞர்கள் என்பதை அந்தத் தரைத்திட்டமே சொல்கிறது.

இதற்கிடையே 1894-இல் ஒரு கோடை. மழை விடாமல் பெய்தது. வெளியே போய் வரைய முடியாமல் கார்ல் நிலைகொள்ளாமல் தவிக்க, வீட்டு அறைகளையே வரையுங்களேன் என்று சொன்னவர் காரின். நீர்வண்ணத்தில் அறை அறையாக ஓவியங்கள் வந்தன. தண்டனையாக வரவேற்பறை மூலையில் உட்கார வைக்கப்பட்ட மகன் பொண்டுஸ், சன்னல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் மகள் சூசன், அடுப்படி, பெண் குழந்தைகளின் படுக்கையறை. 1897-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த பெரிய கண்காட்சியில் அவை வைக்கப்பட்டன. 1899-இல் ‘ஒரு வீடு’ என்ற புத்தகமாக வந்தன. 1909-இல் ஜெர்மனியில் ‘வெயிலில் ஒரு வீடு’ என்ற பெயரில் மலிவுப் பதிப்பு வெளியாகி மூன்றே மாதங்களில் 40,000 பிரதிகள் விற்றது. குடும்பம் வாழ்ந்த அறைகள் ஊரார் கனவு காணும் அறைகளாயின.

‘ஒரு வீடு’ வந்த அதே 1899-இல்தான் எழுத்தாளர் எலன் கேயின் ‘எல்லோருக்கும் அழகு’ வந்தது. நல்ல ரசனைக்குப் பணம் தேவையில்லை, பயன்படும் பொருள் எளிமையாக இருந்தாலே அழகு என்று அவர் வாதாடினார். அந்த வாதத்துக்குக் கண்ணால் காணும் சாட்சியாக லார்சன் வீடு இருந்தது.

இந்தப் புகழில் காரினுக்கு எவ்வளவு கிடைத்தது? வீட்டு வாசலுக்கு மேலே வருபவரை அன்போடு வரவேற்கும் ஒரு வாசகம் எழுதியிருக்கிறது. அதில் கார்ல் லார்சன் என்று அவர் பெயர் முழுதாக உண்டு. காரின் அங்கே ‘அவர் மனைவி’ மட்டுமே. அந்தக் காலத்து வழக்கம் அது. கார்ல் அதைப் பிரியத்தோடு எழுதியவர் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வழக்கம் ஓர் உழைப்பை நெடுங்காலம் மறைத்துவிட்டது. ஓவியம் அருங்காட்சியகத்துக்குப் போகும், கீழே கையெழுத்து இருக்கும். மேசை விரிப்பு துவைக்கப்படும், கிழியும், அடுத்தது வரும். கணவர் வரைந்த அறையைப் பார்த்தவர்கள், அந்த அறையின் நிறத்தையும் துணியையும் அவருக்கு முன்பே ஒருவர் தீர்மானித்திருக்கிறார் என்பதை யோசிக்கவில்லை.

ஓவியங்கள் வேறு சிலவற்றையும் வெளிச்சத்தால் மூடின. வீட்டில் வேலைக்காரப் பெண்கள் இருந்தார்கள்; அவர்கள் உழைப்பு இல்லாமல் காரினுக்குத் தறியில் உட்கார நேரம் வாய்த்திருக்காது. எட்டுப் பிள்ளைகளில் மாட்ஸ் கைக்குழந்தையாகவே இறந்தான். மூத்த மகன் உல்ஃப் 1905-இல் பதினெட்டு வயதில் மறைந்தான். கார்லை மனச்சோர்வு அடிக்கடி பிடித்தது. அந்த வெயில் நிறைந்த அறைகளில் இந்தத் துக்கங்களும் வசித்தன. இதெல்லாம் தெரிந்தபின் வீட்டின் அழகு குறையவில்லை. அதை ஒவ்வொரு நாளும் மீண்டும் செய்துகொண்டே இருந்த கைகளின் மேல் மதிப்புத்தான் கூடுகிறது.

கார்ல் 1919-இலும் காரின் 1928-இலும் மறைந்தார்கள். பிள்ளைகள் வீட்டைப் பிரித்து விற்கவில்லை, சாமான்களைக் கலைக்கவில்லை. இன்றும் அது வழித்தோன்றல்களின் பொறுப்பில் இருக்கிறது. பயணிகள் அறை அறையாகச் சுற்றிப் பார்க்கிறார்கள். 1997-இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இவர்களுக்காக ஒரு கண்காட்சி நடத்தியது. தலைப்பிலேயே கார்ல், காரின் என்று இரண்டு பெயரும் இருந்தன. இருவருமே சுவீடன் பாணியை உருவாக்கியவர்கள் என்று அது அறிவித்தது. வாசல் வாசகம் சொல்லாமல் விட்டதைச் சொல்ல அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

லார்சன் ஓவியங்கள் வாழ்த்து அட்டையிலும் நாட்காட்டியிலும் அடிக்கடி கண்ணில் படும். பார்க்கும்போது பார்வை முதலில் குழந்தைகளின் முகத்துக்குத்தான் போகும். அங்கேயே நின்றுவிட வேண்டாம். மேசைமேல் விரித்த துணி, இருக்கைத் திண்டின் பூவேலை, நாற்காலி உறையின் நீலக் கோடு, சிறுமியின் கவுன் வெட்டிய விதம், சன்னலில் திரை இல்லாத இடம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்தப் படத்தில் இன்னொரு கலைஞரின் வேலை பரந்து கிடக்கிறது. அவர் பெயர் காரின் பெர்கோ லார்சன்.